பத்து வருஷம் கூட இருந்த சூப்பர்வைசர் தனியா கம்பெனி ஆரம்பிச்சுட்டான், சைட்டும் ஆளுங்களும் அவன் கூட போயாச்சு

ஓஎம்ஆர்_ஹவுஸ்கீப்பிங்:
எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாளா இங்க படிக்க மட்டும்தான் வருவேன், இப்ப எழுத வேண்டிய நிலைமை. 2014ல நானும் என் வீட்டுக்காரரும் சேந்து சென்னை ஓஎம்ஆர் ரோட்ல ஹவுஸ்கீப்பிங் கம்பெனி ஆரம்பிச்சோம், அவர் தவறி மூணு வருஷம் ஆச்சு, இப்ப நான் தனியாதான் பாக்குறேன். மொத்தம் 42 பேர் வேலை செஞ்சாங்க. அபார்ட்மெண்ட் சைட் நாலு, ஆபீஸ் ரெண்டு, அது போக வீடுங்களுக்கு டீப் கிளீனிங்.

2015 டிசம்பர் வெள்ளம் யாருக்கும் மறந்திருக்காது. தண்ணி வடிஞ்ச அடுத்த வாரம் முடிச்சூர், வேளச்சேரின்னு வீடு வீடா சேறு அள்ளப் போனோம், அப்ப வேலைக்கு வந்த பையன்தான் இவன். 22 வயசு. வைப்பர் பிடிக்கத் தெரியாது. எந்த டைலுக்கு எந்த கெமிக்கல், தரை தேய்க்கற சிங்கிள் டிஸ்க் மெஷினை எப்படி பிடிக்கணும், கஸ்டமர் கத்துனா என்ன பேசணும், எல்லாம் என் வீட்டுக்காரர் பக்கத்துல நின்னு சொல்லிக் குடுத்தது. நாலு வருஷத்துல சூப்பர்வைசர் ஆக்கினோம். சாவிக்கொத்து அவன் கையில, மஸ்டர், அதான் வருகைப் பதிவேடு, அவன் கையில, கஸ்டமர் நம்பர் எல்லாம் அவன் போன்ல. அவ்வளவு நம்பிக்கை.

இந்த நவம்பர் கடைசில வந்து "அக்கா நான் நின்னுக்கறேன்"னு மட்டும் சொன்னான், காரணம் சொல்லல. டிசம்பர் முதல் தேதி பாத்தா சிறுசேரி சைட்ல வேற யூனிபார்ம். அவன் கம்பெனி. அங்க இருந்த என் ஆளுங்க எட்டு பேர்ல ஏழு பேர் அவன்கிட்ட, ஒருத்தங்க மட்டும் வரமாட்டேன்னு சொல்லிட்டாங்களாம். வருஷா வருஷம் பொங்கலுக்கு முன்னாடி நம்மளதான் கூப்பிடற வீடுங்க 11, அதுவும் போச்சு. தாழம்பூர்ல இருக்கற இன்னொரு அசோசியேஷன் அவன்கிட்ட கொட்டேஷன் வாங்கி வச்சிருக்கு, பொங்கல் கழிச்சு சொல்றோம்ங்கறாங்க. செக்யூரிட்டி சொன்னது, அக்டோபர்லயே, அதாவது என்கிட்ட சம்பளம் வாங்கிட்டு இருக்கும்போதே, சிறுசேரி செயலாளரைப் போய் பாத்து பேசிட்டானாம்.

2016ல 20 ரூபாய் ஸ்டாம்ப் பேப்பர்ல ஒரு பாண்டு எழுதி வாங்கினோம், வேலையை விட்டா மூணு வருஷத்துக்கு சென்னைல இதே தொழில் பண்ணக் கூடாதுன்னு. அதை வச்சு கேஸ் போட முடியுமா? அவன் நவம்பர் சம்பளத்தை நிறுத்தி வச்சிருக்கேன். ராத்திரி தூக்கமே வரல. பணம் போனது கூட பரவால்ல, என் வீட்டுக்காரர் போட்டோவுக்கு முன்னாடி நிக்கவே ஒரு மாதிரி இருக்கு.

அடையார்_வாசி:
படிக்கவே கஷ்டமா இருக்குங்க. நன்றி கெட்ட உலகம். மொதல்ல ஸ்டேஷன்ல ஒரு கம்ப்ளைண்ட் குடுங்க. ஒரிஜினல் சர்டிபிகேட் ஏதாவது வாங்கி வச்சிருந்தா குடுக்காதீங்க, தானா வந்து நிப்பான்.

ஓஎம்ஆர்_ஹவுஸ்கீப்பிங்:
பத்தாவது சர்டிபிகேட் ஒரிஜினல் என்கிட்டதான் இருக்கு. பேங்க் அக்கவுண்ட் ஓபன் பண்ண வாங்கினது அப்படியே பீரோல தங்கிடுச்சு.

எழும்பூர்_வக்கீல்:
அம்மா, மேல சொன்ன ரெண்டையும் தயவுசெஞ்சு பண்ணாதீங்க. சர்டிபிகேட்டை இன்னைக்கே கொரியர்ல அனுப்பி ரசீதை பத்திரமா வைங்க. போலீஸ் கம்ப்ளைண்ட்ல ஒண்ணும் நடக்காது, ஒருத்தர் கடை போட்டதுக்கு கிரிமினல் கேஸ் எங்கேர்ந்து வரும்.

பாண்டு விஷயத்துக்கு வரேன். 1872ம் வருஷ ஒப்பந்தச் சட்டம், 27வது பிரிவு. ஒருத்தர் சட்டப்படியான தொழிலோ வியாபாரமோ செய்யறதைத் தடுக்கற ஒப்பந்தம் அந்த அளவுக்கு செல்லாது. வியாபாரத்தை குட்வில்லோட, அதாவது அதுக்கு இருக்கற நல்ல பேரோட, விக்கும்போது மட்டும் விதிவிலக்கு, அது உங்களுக்கு பொருந்தாது. 1967ல கோலிகரி வழக்குல சுப்ரீம் கோர்ட் சொன்னது, வேலை ஒப்பந்தக் காலம் ஓடிட்டிருக்கும்போது போட்டிக் கம்பெனிக்கு போகக் கூடாதுங்கற கட்டுப்பாடு செல்லும்னு. வேலையை விட்டதுக்கு அப்புறமும் தொடர்ற கட்டுப்பாடு வேற கதை. உங்க கதைக்கு ரொம்ப கிட்ட வர்றது 1980ல வந்த சூப்பரின்டெண்டன்ஸ் கம்பெனி வழக்கு. டெல்லி கிளை மேனேஜர், வேலை போனதும் அதே ஊர்ல அதே தொழிலை ஆரம்பிச்சார், ரெண்டு வருஷத்துக்கு கடைசியா வேலை பாத்த ஊர்ல பண்ணக் கூடாதுன்னு கையெழுத்து போட்டவர்தான். கம்பெனி சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போய் தோத்துது. அங்க மூணு நீதிபதிகள்ல ஒருத்தர்தான் 27வது பிரிவை விரிவா எடுத்து எழுதினார், மத்த ரெண்டு பேர் "விட்டுப் போனால்"ங்கற வார்த்தை டிஸ்மிஸ் ஆனவருக்கு பொருந்தாதுன்னு சொல்லி முடிச்சாங்க, அதனால உங்க பையன் தானா போனவன்னு ஒரு வாதம் வைக்கலாம்தான், ஆனா அதுக்கப்புறம் 2006 ஜாகீர் கான் வழக்கு வரைக்கும் கோர்ட்டு போக்கு ஒரே திசைலதான், ஒப்பந்தம் முடிஞ்ச பிறகு தொழில் பண்ணாதேன்னு கட்டிப் போட முடியாது.

கஸ்டமர் லிஸ்டைப் பத்தி. 1995ல டெல்லி ஹைகோர்ட், பர்லிங்டன்னு ஒரு தபால் வழி விற்பனைக் கம்பெனி வழக்குல, கம்ப்யூட்டர்ல தொகுத்து வச்ச வாடிக்கையாளர் பட்டியலை காப்பி அடிச்சு எடுத்துட்டுப் போன பழைய ஊழியருக்கு தடை போட்டுது, காப்பிரைட்டுனு சொல்லி. அதே கோர்ட் 2006ல அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் பேங்க் வழக்குல, வேலை பாத்தவங்க மனசுல இருக்கற வாடிக்கையாளர் விவரத்தை வச்சு அவங்க வேற வேலைக்கு போறதைத் தடுக்க முடியாதுன்னு சொல்லிடுச்சு. உங்க லிஸ்ட் எங்க இருந்துச்சு? அவர் போன்ல. நீங்களே எழுதிட்டீங்க.

உங்க கையில இருக்கறது ஒண்ணே ஒண்ணு. சம்பளம் வாங்கிட்டிருக்கும்போதே உங்க சைட்டை தனக்குப் பேசினது. அது தப்பு. ஆனா செக்யூரிட்டி வாய்வார்த்தை பத்தாது, தேதி போட்ட கொட்டேஷனோ வாட்ஸ்அப் மெசேஜோ வேணும், நஷ்டத்தையும் கணக்கு காட்டணும், சிவில் கேஸ் எத்தனை வருஷம் ஓடும்னு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்ல.

இப்ப நீங்க கேக்காத ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. 2025 நவம்பர் 21லேர்ந்து புது தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் அமலுக்கு வந்தாச்சு. ராஜினாமா பண்ணினவருக்கும் ரெண்டு வேலை நாளுக்குள்ள சம்பளத்தை செட்டில் பண்ணணும். நீங்க நிறுத்தி வச்சிருக்கற நவம்பர் சம்பளம் உங்களுக்கு எதிரா நிக்கும். அது மட்டும் இல்ல, 2015 டிசம்பர்லேர்ந்து 2025 நவம்பர் கடைசி, ஆறு மாசத்துக்கு மேல இருந்தா முழு வருஷம், அப்ப பத்து வருஷம். அவருக்கு கிராஜுவிட்டி, அதாவது பணிக்கொடை, உண்டு. அடிப்படைச் சம்பளம் எவ்வளவுன்னு பாத்து அதை 26ஆல வகுத்து 15ஆல பெருக்கி 10ஆல பெருக்குங்க. 30 நாளைக்குள்ள குடுக்கணும். போட்டிக் கம்பெனி ஆரம்பிச்சுட்டார்னு சொல்லி அதைப் பிடிக்க முடியாது.

ஓஎம்ஆர்_ஹவுஸ்கீப்பிங்:
மொத்தம் 22,000 சம்பளம். அடிப்படை 16,900. நீங்க சொன்ன மாதிரி போட்டா 97,500 வருது. சார் இது நிஜமாவா? என் சைட்டை எடுத்துட்டுப் போனவனுக்கு நான் ஒரு லட்சம் குடுக்கணுமா?

எழும்பூர்_வக்கீல்:
ஆமாம்மா. அது பத்து வருஷ வேலைக்கு அவர் ஏற்கனவே சம்பாதிச்சது. சைட் விஷயம் தனி.

கோவை_டீப்கிளீன்:
வணக்கமுங்க அக்கா. நானும் இதே தொழில்தானுங்க, பீளமேட்டுல. 2019ல எனக்கும் இதே மாதிரி ஆச்சு, ஒரே நாள்ல மூணு பசங்க, ரெண்டு வாரத்துல ஏழெட்டு வீடு. அன்னைக்கு நான் பண்ணின கூத்தெல்லாம் வெளிய சொல்ல முடியாதுங்க, அவங்க வண்டி நிக்கற வீட்டுக்கு போய் சத்தம் போட்டு, அந்த வீட்டுக்காரரு என் நம்பரையே பிளாக் பண்ணிட்டாரு. அப்படி மட்டும் பண்ணிப் போடாதீங்க.

இந்த தொழில்ல உள்ள வர்றதுக்கு ஒரு பெரிய முதல் தேவையில்லைங்க. ரெண்டு வாக்குவம் கிளீனர், ஒரு சிங்கிள் டிஸ்க், நாலு கேன் கெமிக்கல், ஒரு டெம்போ வாடகைக்கு. படிப்பு வேணாம், லைசென்ஸ் பெருசா வேணாம். கஸ்டமருக்கு தெரிஞ்சது அவங்க வீட்டுக்குள்ள வந்து கழுவின முகந்தானுங்களே, ஆபீஸ்ல உக்காந்து பில் போடற உங்களையும் என்னையும் அவங்களுக்கு தெரியாது. பூஜை ரூம் வரைக்கும் உள்ள விட்டு, சாவியும் குடுத்துட்டு ஊருக்கு போறாங்க, அந்த நம்பிக்கை கம்பெனி பேருக்கு குடுத்ததில்லைங்க, அந்த பையனுக்கு குடுத்தது. இது புரியறதுக்கு எனக்கு ஒரு வருஷம் ஆச்சு.

அப்புறம் நான் மாத்தினது என்னன்னா, எல்லா புக்கிங்கும் ஆபீஸ் நம்பருக்குத்தான். வேலை முடிஞ்ச அன்னைக்கு சாயங்காலமே நானோ என் சம்சாரமோ போன் பண்ணிக் கேப்போம், எந்த இடம் சரியில்லைன்னு. மாசத்துக்கு ஒருக்கா சைட்டுக்கு நானே போயிருவேன். சூப்பர்வைசரை மூணு மாசத்துக்கு ஒருக்கா மாத்திப் பாத்தேன், அது சரிப்படலைங்க, கஸ்டமருக்கு பிடிக்கல, பழகின ஆளை ஏன் மாத்துனீங்கன்னு கேட்டாங்க, விட்டுட்டேன்.

போன மூணு பேர்ல ஒருத்தன் இப்ப என் கூட நல்லா இருக்கான். கல்யாண சீசன்ல எனக்கு ஆள் பத்தலைன்னா அவனுக்கு ரெண்டு வீடு தள்ளி விடுவேன், அவனுக்கு ஸ்க்ரப்பர் வேணும்னா என்கிட்ட வாடகைக்கு எடுப்பான். மத்த ரெண்டு பேரு ஒரு வருஷத்துல மூடிட்டு போயிட்டாங்க.

ஈரோடு_கணக்கு:
நான் கணக்கு எழுதறவன். நாலஞ்சு ஹவுஸ்கீப்பிங் கம்பெனிக்கு பாக்கறேன். உணர்ச்சி எல்லாம் இருக்கட்டும், அசோசியேஷன் ஏன் மாறிச்சுன்னு ரூபாயில பாருங்க.

ஒரு ஆளுக்கு 15,000 சம்பளம்னு வைங்க. பிஎஃப் முதலாளி பங்கு நிர்வாகச் செலவோட 13 சதவீதம், 1,950. இஎஸ்ஐ, அதான் தொழிலாளர் மருத்துவக் காப்பீடு, 3.25 சதவீதம், 488. போனஸ் 8.33, 1,250. ஆச்சு 18,688. உங்க சர்வீஸ் சார்ஜ் 10 சதவீதம் போட்டா 20,557. அதுக்கு மேல ஜிஎஸ்டி 18 சதவீதம், 24,257. இது உங்க பில்.

அந்த பையன் கணக்கு: சம்பளம் 15,000, தனக்கு 2,500. மொத்தம் 17,500. அவ்வளவுதான். வருஷ வரவு 20 லட்சத்தை தாண்டாத சேவைத் தொழிலுக்கு ஜிஎஸ்டி பதிவு கட்டாயம் இல்ல. பத்து பேருக்கு கீழ இருந்தா இஎஸ்ஐ இல்ல, இருபதுக்கு கீழ பிஎஃப் இல்ல. எட்டு ஆள் சைட்டுக்கு மாசம் 1,40,000, வருஷத்துக்கு 16.8 லட்சம். பாத்தீங்களா, கோட்டுக்கு கீழயே நிக்குது. உங்க பில்லுக்கும் அவர் பில்லுக்கும் மாசம் 54,000 வித்தியாசம். பெரும்பாலான அசோசியேஷன்ல மெயின்டனன்ஸ் தலைக்கு 7,500க்குள்ள இருக்கறதால அவங்களுக்கு ஜிஎஸ்டி இல்ல, அதனால உங்ககிட்ட கட்டற 18 சதவீதத்தை கழிச்சுக்கற இன்புட் கிரெடிட்டும் இல்ல, அது முழுசா அவங்க பாக்கெட்லேர்ந்து போற காசு.

ஆனா இதுல இன்னொரு பக்கம் இருக்கு. தாழம்பூர் சைட்டையும் எடுத்தா அவர் 20 லட்சத்தையும் தாண்டுவார், பத்து ஆளையும் தாண்டுவார். வீட்டு வேலை வருமானமும் சேருமே. அன்னைக்கு அவர் பில்லுலயும் ஜிஎஸ்டி, இஎஸ்ஐ ஏறணும். ஏறலன்னா எதையோ கட்டாம விடறார்னு அர்த்தம். தாழம்பூர் கமிட்டிகிட்ட இதை அமைதியா, அவரைத் திட்டாம, ஒரு பேப்பர்ல எழுதிக் காட்டுங்க.

மதுரை_தனிக்கடை:
நான் அந்தப் பக்கத்து ஆளு. ஒரு கம்பெனில நாலு வருஷம் இருந்துட்டு 2021ல வெளிய வந்து சொந்தமா பண்றேன். அதனால அந்த அண்ணன் சார்பா இல்ல, என் கதையை சொல்றேன்.

எனக்கு 11,000 சம்பளம். ரெண்டு பெட்ரூம் வீடு ஒண்ணுக்கு 6,500 பில்லு, நாங்க மூணு பேரு போவோம், காலைல எட்டு மணிக்கு ஒட்டடை அடிக்க ஆரம்பிச்சா சாயங்காலம் ஆறு மணிக்கு பாத்ரூம் உப்புக்கறை எடுத்து முடிப்போம், காசை நானே கஸ்டமர்கிட்ட வாங்கி ஓனர்கிட்ட குடுப்பேன். ஒரு நாளைக்கு மூணு பேர் கூலி சேத்தாலும் 1,500 தாண்டாது. தெனமும் 6,500ஐ எண்ணிக் குடுத்துட்டு 400 ரூபாயோட வீட்டுக்கு போறவனுக்கு மனசுல என்ன ஓடும்னு நீங்களே யோசிங்க. நான் சம்பளம் கூட்டிக் கேட்டேன், மூணு தடவை. அடுத்த மாசம் பாப்போம்னாங்க.

வெளிய வந்தப்பறம்தான் அந்த 5,000 எங்க போகுதுன்னு தெரிஞ்சுச்சு. முத்ரா லோன்ல சிசு திட்டத்துல 50,000 வாங்கி, 38,000க்கு ஒரு மெஷின் எடுத்தேன். மூணாவது மாசம் மோட்டார் போச்சு. ஒரு வீட்ல கிரானைட் மேடை கீறிடுச்சுன்னு 9,000 பிடிச்சுட்டாங்க. ஆடி மாசம் போன் அடிக்கவே இல்ல, ஆனா பசங்களுக்கு சம்பளம் குடுக்கணும், இல்லாட்டி அவன் வேற வேலைக்கு போயிருவான். ஓனர் முகம் ஏன் எப்பவும் கடுகடுன்னு இருந்துச்சுன்னு அப்பத்தான் விளங்குச்சு.

பழைய கஸ்டமரை நான் கூப்பிடல. இதை சத்தியமா சொல்றேன். ஆறு மாசம் ஒருத்தருக்கும் போன் பண்ணல. அவங்களா கூப்பிட்டாங்க, "தம்பி நீ இல்லாம வந்தவங்க சரியா பண்ணல, நீ எங்க இருக்க"ன்னு. அதுக்கு வரமாட்டேன்னு சொல்ல முடியுமா? சொல்லணுமா? இன்னைக்கும் எனக்கு தெரியல. அந்த அண்ணன் சம்பளத்துல இருந்துக்கிட்டே சைட்டைப் பேசினது தப்பு, அதை நான் சரின்னு சொல்ல மாட்டேன். ஆனா அக்கா, அவர் உங்ககிட்ட எதாச்சும் கேட்டாரா, போறதுக்கு முன்னாடி? ஞாபகப்படுத்திப் பாருங்க.

ஓஎம்ஆர்_ஹவுஸ்கீப்பிங்:
எல்லாரும் அவன் பக்கம் பேசற மாதிரி இருக்கு. நான் 42 பேருக்கு பிஎஃப், இஎஸ்ஐ ஒழுங்கா கட்டறவ. ஊரடங்கு அப்போ ரெண்டு மாசம் வேலையே இல்லாம அரை சம்பளம் குடுத்தோம், என் வளையலை அடகு வச்சு. தொழில் கத்துக் குடுத்ததுக்கு ஒரு மரியாதை கிடையாதா? சொல்லிட்டுப் போயிருந்தா நானே விளக்கேத்தி வச்சிருப்பேன்.

பள்ளிக்கரணை_மகள்:
அக்கா, உங்க மேல எனக்கு கோவம் எதுவும் இல்ல, உங்க வலி புரியுது. ஆனா இந்த இழைல ஏழு பேர் போனாங்கன்னு ஒரே வரில முடிஞ்சுட்டாங்க, அவங்களைப் பத்தி யாருமே பேசல. எங்கம்மா 16 வருஷமா ஹவுஸ்கீப்பிங். காலைல அஞ்சரைக்கு கிளம்பி ஷேர் ஆட்டோல போவாங்க. அந்த 16 வருஷத்துல ஒரே பில்டிங்ல காண்ட்ராக்ட் கம்பெனி நாலு தடவை மாறிடுச்சு, அம்மா மாறல. அதே பக்கெட், அதே மாடி, யூனிபார்ம் கலர் மட்டும் வேற. ஒவ்வொரு தடவையும் புது கம்பெனி, புது பிஎஃப் நம்பர், பழைய பணத்தை வாங்க அலையணும், ரெண்டு தடவை பணமே கட்டலன்னு அப்புறமாத்தான் தெரிஞ்சுது. அஞ்சு வருஷம் ஒரே ஆள்கிட்ட இருந்தாத்தானே கிராஜுவிட்டி எல்லாம், எங்கம்மாவுக்கு எந்த கம்பெனிலயும் அஞ்சு வருஷம் ஆகவே விடல.

அதனால அந்த ஏழு பேர் உங்களுக்கு துரோகம் பண்ணாங்கன்னு நினைக்காதீங்க. அவங்க சைட்டோட இருந்துட்டாங்க, வீட்டுக்கு பக்கம், குழந்தைங்க ஸ்கூல் விட்டு வர்ற நேரத்துக்கு போயிடலாம். அந்த அண்ணன்கிட்ட இஎஸ்ஐ இல்லன்னு மேல கணக்கு போட்டு காட்டினாங்களே, அது அந்த ஏழு பேருக்கு தெரியுமா? எங்கம்மா முழங்கால் ஆபரேஷன் கே.கே.நகர் இஎஸ்ஐ ஆஸ்பத்திரிலதான் நடந்துச்சு, அந்த கார்டு இல்லன்னா நாங்க எங்க போயிருப்போம். முடிஞ்சா அவங்களுக்கு இதை யாராவது சொல்லுங்க, உங்ககிட்ட திரும்பி வரணும்னு இல்ல, தெரிஞ்சுக்கட்டும்.

அசோசியேஷன்_பொறுப்பு:
பெரும்பாக்கம் பக்கம் ஒரு 180 வீட்டு அசோசியேஷன்ல ரெண்டு வருஷம் செயலாளரா இருந்தேன். கஸ்டமர் பக்கத்து நியாயத்தையும் கேளுங்க. நாங்களும் இதே மாதிரி சூப்பர்வைசர் ஆரம்பிச்ச கம்பெனிக்கு மாறினோம். விலை ஒரு காரணம்தான். பழைய கம்பெனில ஆள் லீவு போட்டா ரிலீவர், அதாவது மாத்து ஆள், வர மாட்டாங்க, பில்லுல மட்டும் முழு ஆளும் இருக்கும். ஓனரை நேர்ல பாத்ததே அக்ரிமெண்ட் போட்ட அன்னைக்குத்தான். லிஃப்ட் முன்னாடி குழந்தை வாந்தி எடுத்தாலும், போர் தண்ணி உப்பு படிஞ்சு கிளப் ஹவுஸ் கண்ணாடி வெள்ளையா ஆனாலும், நாங்க கூப்பிட்டது அந்த சூப்பர்வைசரைத்தான். அவர் போறேன்னு சொன்னதும் எங்களுக்கு பயம், அவர் போனா இந்த இடம் என்ன ஆகும்னு. அதனால மாறினோம்.

ஏழு மாசம் கழிச்சு ஒரு அம்மா படிக்கட்டுல வழுக்கி கை உடைஞ்சுது. இஎஸ்ஐ இல்ல. இன்சூரன்ஸ் இல்ல. அந்த பையன்கிட்ட பணம் இல்ல. கமிட்டி வீட்டுக்கு வீடு கலெக்ட் பண்ணித்தான் ஆஸ்பத்திரி செலவைக் கட்டினோம், அந்தம்மா முகத்தைப் பாக்கவே முடியல. அதுக்கப்புறம் எந்த காண்ட்ராக்டர் வந்தாலும் மாசா மாசம் பிஎஃப், இஎஸ்ஐ கட்டின செலான் காப்பி குடுத்தாத்தான் பில் பாஸ்னு தீர்மானம் போட்டோம். இதை தாழம்பூர் கமிட்டி கேக்காம இருந்தா நீங்களே காட்டுங்க.

தரமணி_ஐடி:
ஒரு சந்தேகம். 2025 மே மாசம் சுப்ரீம் கோர்ட் பாண்டு செல்லும்னு சொல்லிச்சே, பேங்க் கேஸ்ல, ரெண்டு லட்சம் கட்டச் சொல்லி? அப்ப அக்காவோட பாண்டு மட்டும் ஏன் செல்லாது?

எழும்பூர்_வக்கீல்:
நல்ல கேள்வி. விஜயா பேங்க் வழக்கு. அதுல கட்டுப்பாடு என்ன? மூணு வருஷம் முடியறதுக்குள்ள வேலையை விட்டா ரெண்டு லட்சம் கட்டணும். வேற பேங்க்ல சேரக் கூடாதுன்னு இல்ல. அவர் வேற பேங்குக்குத்தான் போனார். அரசு வங்கி ஆள் எடுக்கற செலவையும் முறையையும் பாத்து அந்த தொகை நியாயம்னு சொன்னாங்க. அம்மாவோட பாண்டு விட்டதுக்கு அப்புறம் தொழிலே பண்ணாதேங்குது, ரெண்டும் வேற வேற. இனிமே போடற ஒப்பந்தத்துல, வேலையில இருக்கும்போது கம்பெனி கஸ்டமரை தனக்கு பேசக் கூடாது, கஸ்டமர் விவரம் கம்பெனி சொத்து, இந்த ரெண்டை மட்டும் தெளிவா எழுதுங்க. அப்படியே அசோசியேஷன் அக்ரிமெண்ட்லயும், எங்க ஆளை நேரா எடுத்தா இத்தனை மாச சார்ஜ்னு ஒரு வரி. கோர்ட்ல எவ்வளவு நிக்கும்ங்கறது சூழ்நிலையைப் பொறுத்தது, ஆனா கையெழுத்து போட்டவங்க ஒரு தடவை யோசிப்பாங்க. எல்லாருக்கும் அப்பாயிண்ட்மெண்ட் லெட்டரும் குடுத்தாகணும், புது சட்டத்துல அது கட்டாயம்.

கோவை_டீப்கிளீன்:
ஒண்ணு விட்டுட்டேனுங்க, தனியா ஆரம்பிக்கற பசங்க இதைப் படிச்சா பாத்துக்கங்க. விலை குறைக்கறதுக்கு கெமிக்கல்ல கை வைக்காதீங்க. மார்பிள்ல ஆசிட் பட்டா அது கறையை எடுக்கறதில்லைங்க, கல்லையே தின்னுரும், அப்புறம் பாலிஷ் போட்டாத்தான் சரியாகும். டாய்லெட்டுக்கு ஆசிட் ஊத்தின கையோட பிளீச்சிங்கும் போட்டா குளோரின் கேஸ் வரும், ஜன்னல் இல்லாத பாத்ரூம்ல ஆளே விழுந்துரலாம். சம்ப்புக்குள்ள, அதான் தரைக்கடி தண்ணித் தொட்டிக்குள்ள, ஒருத்தனை மட்டும் இறக்கவே இறக்காதீங்க, தொறந்து வச்சு காத்து போக விட்டு, மேல ஒரு ஆளு கயிறோட நிக்கோணும். கம்பெனில இருந்தப்ப இதையெல்லாம் சூப்பர்வைசர் பாத்துக்குவாரு, தனியா போனா நீங்கதான் எல்லாமே.

ஓஎம்ஆர்_ஹவுஸ்கீப்பிங்:
ஒரு வாரம் இந்தப் பக்கம் வரல. எல்லாரோடதையும் ரெண்டு மூணு தடவை படிச்சேன்.

மதுரை தம்பி கேட்ட கேள்விக்கு பதில் சொல்லணும். கேட்டான். போன ஜூன்ல பொண்ணு ஸ்கூல் பீஸுக்கு 30,000 அட்வான்ஸ் கேட்டான், அப்ப ரெண்டு ஆபீஸ் பேமெண்ட் வராம நின்னுது, பாக்கலாம்னு சொன்னேன், அப்படியே மறந்துட்டேன். நிஜமாவே மறந்துட்டேன், வேணும்னு பண்ணல. அவன் திரும்ப கேக்கல. அதுக்கு முன்னாடி வீட்டுக்காரர் இருந்தப்ப, டீப் கிளீனிங்ல ஒரு பங்கு தரேன்னு அவன்கிட்ட சொல்லியிருக்கார்னு இப்பதான் எங்க சிறுசேரில போகாம நின்ன அம்மா சொன்னாங்க. எனக்கு அது தெரியவே தெரியாது. அவன் என்கிட்ட அதைப் பேச கூச்சப்பட்டிருக்கான் போல, செத்துப் போனவர் பேர்ல எப்படி கேக்கறதுன்னு.

இதெல்லாம் சொல்றதால அக்டோபர்ல அவன் பண்ணினது சரின்னு ஆயிடாது, அதுல எனக்கு இன்னும் வருத்தம் இருக்கு.

நவம்பர் சம்பளத்தை அன்னைக்கே போட்டு விட்டேன். கிராஜுவிட்டிக்கு ஒரு சீட்டு எடுக்க வேண்டியிருந்துது, 97,500க்கு செக் எழுதி, சர்டிபிகேட்டையும் எடுத்துக்கிட்டு நானே நேர்ல போனேன், கொரியர் வேணாம்னு தோணுச்சு. கேளம்பாக்கத்துல சின்ன வீடு, வாசல்லயே மாப் எல்லாம் காயுது, என் கடைல வாங்கின அதே நீல மாப். அவன் சம்சாரம்தான் தண்ணி குடுத்துச்சு. அவன் செக்கைப் பாத்துட்டு ரொம்ப நேரம் பேசல. "அக்கா நீங்க நோட்டீஸ் அனுப்புவீங்கன்னு நினைச்சு வக்கீலைப் போய் பாத்துட்டு வந்தேன்"னான். சைட்டைத் திருப்பிக் குடுன்னு நான் கேக்கல, அவனும் தரேன்னு சொல்லல. அந்த ஏழு பேருக்கு ஏதாவது இன்சூரன்ஸ் போடுன்னு மட்டும் சொன்னேன், பெரும்பாக்கத்துல கை உடைஞ்ச அம்மா கதையைச் சொன்னேன். கேட்டுக்கிட்டான்.

பள்ளிக்கரணை_மகள்:
அக்கா, அந்த கடைசி வரிக்கு நன்றி.

ஈரோடு_கணக்கு:
தாழம்பூர் என்ன ஆச்சு?

ஓஎம்ஆர்_ஹவுஸ்கீப்பிங்:
கமிட்டி மீட்டிங்ல நீங்க போட்ட கணக்கை ஒரு தாள்ல எழுதி, கூடவே ஆறு மாச பிஎஃப் இஎஸ்ஐ செலானும் வச்சேன். அவன் பேரையே எடுக்கல. ஒரு பெரியவர், ரிட்டயர்டு பேங்க்காரர், செலானை ஒவ்வொண்ணா கண்ணாடி போட்டு பாத்தார். மார்ச் வரைக்கும் நீங்களே பண்ணுங்க, அப்புறம் திரும்ப பேசலாம்னுட்டாங்க. ஆனா ரிலீவர் வரலைன்னா அந்த நாளைக்கு பிடிப்போம்னு எழுதி வாங்கிட்டாங்க, கையெழுத்து போட்டேன், அது நியாயம்தான். சிறுசேரி போனது போனதுதான். அந்த 11 வீட்ல நாலு வீட்டுக்கு நானே போன் பண்ணினேன், ரெண்டு பேர் என் குரலே தெரியலன்னாங்க. ஒருத்தங்க மட்டும் போகிக்கு முன்னாடி வாங்கன்னாங்க.

ஆளுங்க எல்லார் நம்பரையும் கஸ்டமர் நம்பரையும் என் மக உக்காந்து கம்ப்யூட்டர்ல ஏத்திட்டிருக்கா. புது சூப்பர்வைசருக்கு டீப் கிளீனிங்ல வீட்டுக்கு 5 சதவீதம்னு லெட்டர்லயே எழுதிக் குடுத்தாச்சு, வாய்ப்பேச்சா இல்ல. ஒரு சந்தேகம் மட்டும் கோவை அண்ணன்கிட்ட: சாயங்காலம் போன் பண்ணிக் கேக்கும்போது கஸ்டமர் அந்த ஆள் மேல குறை சொன்னா, அதை அப்பவே ஆள்கிட்ட சொல்லுவீங்களா, இல்ல மறுநாளா?

கோவை_டீப்கிளீன்:
மறுநாள் காலைல, டீ குடிக்கறப்ப, தனியாக் கூப்பிட்டுங்க. நல்லதா சொன்னா மட்டும் அன்னைக்கே, எல்லாத்துக்கும் முன்னாடி.

ஓஎம்ஆர்_ஹவுஸ்கீப்பிங்:
சரிங்க அண்ணா. நாளைக்கு காலைல ஏழு மணிக்கு நாவலூர் சைட், நானே போறேன், அங்க நாலு வருஷமா வேலை செய்யற ரெண்டு பேர் பேர் எனக்கு தெரியாதுன்னு இந்த லிஸ்ட் போடும்போதுதான் தெரிஞ்சுது.